டைனமோவில் கேட்ட றேடியோ

அக்கராயன் ரோட்டில் இப்ப ஓடுகிற சில ஓட்டோ, வான்களில் பாட்டுக்கு முதல் பேஸ் தான் வந்து சேரும். பேஸ் அடிக்கிற கணத்தில் அம்ப்ளிபயர் மின்னை ஒரேயடியாக இழுக்கும். வோல்ட் விழும், ஹெட்லைட்டும் மங்கும். அதைச் சமாளிக்கத்தான் அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் 1 ஃபராட் கப்பாசிற்றர் பூட்டுகிறார்கள். சேர்த்து வைத்த மின்னை அது அந்தக் கணத்துக்குக் கொடுக்கும்.

இதன் மூதாதை ஒரு போத்தல். 1745–46 இல் ஜேர்மனியில் கிளைஸ்ற், ஒல்லாந்தின் லெய்டன் நகரில் முஷன்புறூக் என்ற இருவர் தனித்தனியாகக் கண்ணாடிப் பாத்திரத்தில் மின்னைச் சேமித்துக் காட்டினார்கள். அந்த நேரம் யாழ்ப்பாணத்தை ஆண்டதும் ஒல்லாந்தர் தான்.

ஆனால் எங்கட பக்கத்துக் கதை வேற. 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கிய பிறகு வந்த பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடக்கம். கரண்டும் இல்லை. வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. செய்தி கேட்க சைக்கிள். சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவில் றேடியோ பாடும். 1996 இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்து அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சிதறியபோது எங்கே ஷெல் விழுந்தது, எந்தப் பாதை மூடியது என்பதை அறிய பிபிசி தமிழோசையும் புலிகளின் குரலும் தேவைப்பட்டன.

டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். டயோட் அதை ஒரு பக்கமாகத் திருப்பும். ஆனாலும் மின் அலை அலையாகத்தான் வரும், றேடியோ இரையும். அந்த இடைவெளியை நிரப்புவது கப்பாசிற்றர், றேடியோ திருத்துபவர்களின் பாசையில் 'கொண்டென்சர்'. 1000 மைக்ரோஃபராட் அளவு போதும். இன்றைய வான்களில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வேலை ஒன்றுதான். ஆனால் அது தாங்குவது கண் இமைக்கிற நேரத்துக்குத்தான். கால் களைத்தால் செய்தி பாதியில் நிற்கும். எனவே ஆள் மாறி ஆள் சுத்தினார்கள்.

போர் வரலாறு என்றால் நாங்கள் சண்டைகளின் திகதிகளை மட்டும் எழுதுகிறோம். இந்தத் தொழில்நுட்பம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை; திருத்தினவர்களின் கையில்தான் இருக்கிறது. அவர்களுக்கும் வயது போகிறது. உங்கட ஊரில் பழைய றேடியோ திருத்துபவர் இருந்தால் போய்க் கேளுங்கோ. என்ன டயோட், எங்கே கழற்றினது, யார் சுத்தினது என்று எழுதி வையுங்கோ.