முகத்தை மறைத்த தொப்பி

பழைய கிரேக்க நகரங்களில் ஆண்கள் பெரும்பாலும் வெறுந்தலையோடுதான் திரிந்தார்கள். அகன்ற தொப்பியோடு ஒருவர் தெருவில் வந்தால், ஆள் தூரப் பயணம் என்று பார்த்தவுடன் விளங்கிவிடும்.

அந்தத் தொப்பிக்குப் பெயர் பெற்றாசோஸ். 'விரித்தல்' என்று பொருள்படும் கிரேக்க வினைச்சொல்லில் இருந்து பிறந்த பெயர் அது. ஆங்கிலத்தில் பூவிதழைக் குறிக்கும் 'பெற்றல்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். ஆட்டுமயிரை அழுத்திச் செய்த தடித்த கம்பளம், தோல், வைக்கோல் ஆகியவற்றில் இதைச் செய்தார்கள். நாடிக்குக் கீழே கட்ட ஒரு வார் இருக்கும். வெயில் தணிந்தால் தொப்பியை முதுகுப் பக்கம் தள்ளிவிடலாம், வார் கழுத்தில் பிடித்துக்கொள்ளும். பழைய சாடி ஓவியங்களில் இப்படித் தொங்கவிட்டபடி பலர் நிற்கிறார்கள். வட கிரேக்கத்தின் தெசாலியாவோடு சேர்த்து 'தெசாலியத் தொப்பி' என்றும் சொல்வார்கள்.

ஹேர்மிஸ் என்ற தெய்வத்துக்கும் இதுவே தொப்பி. வழிப்போக்கருக்கும் வியாபாரிகளுக்கும் காவல் அவர்தான், கள்வருக்கும் அவர்தான். கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இந்தச் சேர்க்கை எனக்கு அவ்வளவாக ஆச்சரியம் தரவில்லை.

ரோமர்கள் பெயரையும் பொருளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அகஸ்டஸ் சக்கரவர்த்திக்கு மாரிக்கால வெயில்கூட ஒத்துக்கொள்ளாதாம்; வீட்டு முற்றத்தில் உலாவும்போதும் இந்தத் தொப்பியைக் கழற்றமாட்டார் என்று சுவேட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 37 முதல் 41 வரை ஆண்ட கலிகுலா, செனற் உறுப்பினர்கள் அரங்கில் வெயில் படாமல் தெசாலியத் தொப்பி அணியலாம் என்று அனுமதித்தார்.

ஆனால் இந்தத் தொப்பி என் மனதில் நிற்பது ஒரு நாடகத்தால். சோபோக்கிளீஸ் கி.மு. 406 அளவில் இறந்துபோனார். அவருடைய கடைசி நாடகம் கி.மு. 401 இல் பேரன் முயற்சியில் மேடையேறியது. நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட குருட்டு ஈடிப்பஸ், மகள் அன்ரிகனியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதென்ஸுக்கு அருகே கொலோனஸ் என்ற ஊரை வந்தடைகிறார். அதுதான் சோபோக்கிளீஸ் பிறந்த ஊரும். பெயரைக் கேட்டதும் ஊரார் 'எழும்பிப் போ' என்கிறார்கள். அன்ரிகனி மன்றாடுகிறாள். சரி, மன்னர் வந்து முடிவு சொல்லட்டும் என்று விடுகிறார்கள். முடிவு வரும்வரை காத்திருப்பது எப்படி இருக்கும் என்று நம் வீடுகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த நேரம் தூரத்தில் ஒரு பெண் குதிரையில் வருகிறாள். தலையில் தெசாலியத் தொப்பி, அதன் நிழலில் முகம் தெரியவில்லை. தங்கை இஸ்மீனியா, இல்லையா? அன்ரிகனியால் சொல்ல முடியவில்லை. ஆம் என்கிறாள், உடனே இல்லை என்கிறாள். கிட்ட வந்த பிறகு கண்கள் காட்டிக்கொடுக்கின்றன. நம்பிக்கையான ஒரேயொரு வேலையாளோடு, தகப்பனைத் தேடி அலைந்து, ஊர்ச் செய்தியோடு வந்திருக்கிறாள் இஸ்மீனி. செய்தி நல்லதல்ல. அண்ணன் தம்பி இருவரும் ஆட்சிக்காக அடிபடுகிறார்கள்.

மன்னன் தீசியஸ் அதற்குப் பிறகுதான் வருகிறான். ஈடிப்பஸ் அந்த மண்ணிலேயே இருக்கலாம் என்கிறான்.