எடையில்லாத ஊரில் இதயம்

ராகேஷ் சர்மா என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஒன்றே ஒன்றுதான். மேலே இருந்து பார்த்தால் இந்தியா எப்படி இருக்கிறது என்று இந்திரா காந்தி கேட்டதும், அதற்கு அவர் சொன்ன பதிலும். சரி, மனுஷன் அங்கே எட்டு நாள் வேறு என்னதான் செய்தார்?

யோகாசனம் செய்தார். நிஜமாகத்தான்.

1984 ஏப்ரல் 3-ம் தேதி மாலிஷெவ், ஸ்ட்ரெகாலோவ் என்ற இரண்டு சோவியத் வீரர்களோடு சோயூஸ் டி-11-ல் கிளம்பி, சல்யூட்-7 நிலையத்துக்குப் போய், மொத்தம் 7 நாள் 21 மணி 40 நிமிடம் விண்வெளியில் இருந்துவிட்டு வந்தார். 43 ஆய்வு அமர்வுகள். பூமியைப் படம் எடுத்தது போக, பெரும்பாலானவை உடம்பைப் பற்றியவை. எடையற்ற நிலையில் தசையும் இதயமும் தளராமல் இருக்க யோகா உதவுமா என்பதும் அதில் ஒன்று. மிதந்து போகாமல் இருக்க எலாஸ்டிக் பட்டைகளால் உடம்பைக் கட்டிக்கொண்டு ஆசனம் போட்டாராம். யோசித்துப் பாருங்கள், காலை ஊன்றத் தரையே இல்லாத இடத்தில் எந்த ஆசனத்தைச் செய்வது? சிரசாசனத்துக்கும் சும்மா நிற்பதற்கும் அங்கே வித்தியாசமே கிடையாது :-)

என்னைக் கேட்டால், எட்டு நாள் சோதனையிலிருந்து யோகா ஜெயித்தது, தோற்றது என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. இன்னொரு விஷயம் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நம் ஆள் போய்ச் சேர்ந்தபோது அந்த நிலையத்தில் ஏற்கெனவே மூன்று பேர் குடியிருந்தார்கள். அதில் ஒலெக் ஆட்கோவ் என்பவர் இதய மருத்துவர். 1984 பிப்ரவரி 8-ல் போனவர் அக்டோபர் 2-ல்தான் திரும்பினார், 237 நாள். கூட இருப்பவர்களின் இதயத்தையும் தன் இதயத்தையும் மாதக்கணக்கில் பரிசோதித்துக்கொண்டு இருப்பதுதான் அவருடைய வேலை.

இதய மருத்துவரையே மேலே அனுப்பும் அளவுக்கு சோவியத்காரர்களுக்கு என்ன கவலை? கதை 1970-ல் இருக்கிறது. அந்த ஜூன் மாதம் நிகோலாயெவ், செவஸ்தியானோவ் இருவரும் சோயூஸ்-9-ல் கிட்டத்தட்ட 18 நாள் சுற்றினார்கள். அன்றைக்கு அது உலக சாதனை. ஆனால் திரும்பி வந்த வீரர்களால் தாமாக எழுந்து நடக்க முடியவில்லை. இத்தனைக்கும் நிகோலாயெவ் நல்ல கட்டுமஸ்தான விமானப்படை உடம்பு, ஏற்கெனவே ஒருமுறை போய்வந்த அனுபவசாலி வேறு. அதற்குப் பிறகுதான் விண்வெளி நிலையங்களில் ஓடுவதற்கு டிரெட்மில், உடம்பை இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக் உடை எல்லாம் கட்டாயமாயின.

காரணத்தை விளக்க டோம்பிவிலிக்காரனுக்கு ராக்கெட் வேண்டாம், லோக்கல் டிரெயின் போதும். காலையில் ஃபாஸ்ட் லோக்கலில் சி.எஸ்.எம்.டி. வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே போகிறோம் இல்லையா? அப்போது நம் கெண்டைக்காலுக்குள் 'சோலியஸ்' என்று ஒரு தசை விடாமல் வேலை செய்கிறது. நாம் விழாமல் நிற்பதே அதன் புண்ணியத்தில்தான். (கூட்டத்தின் புண்ணியத்தில் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.) முதுகிலும் தொடையிலும் இதே ஜாதித் தசைகள் உண்டு.

விண்வெளியில் ஈர்ப்பு விசையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் இழுப்பு தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. கலமும் ஆளும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால் எடை தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆனால் சோலியஸுக்கு வேலை போய்விடுகிறது. தசை செல்லுக்குள் தினமும் பழைய புரதம் உடைவதும் புதியது சேர்வதும் நடந்துகொண்டே இருக்கும். சுமை இல்லை என்றால் சேர்வது குறைகிறது, உடைவது கூடுகிறது. நார் மெலிகிறது.

இதயத்துக்கு வேறு பிரச்னை. தரையில் நிற்கும்போது ரத்தம் காலில் இறங்கும், அதைத் தலை வரை ஏற்ற வேண்டும். மேலே அந்தச் சிரமம் இல்லை. ரத்தம் நெஞ்சுக்கும் தலைக்கும் நகர்ந்து, முகம் உப்பி, கால் குச்சியாகிவிடும். தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து உடம்பு அதை வெளியேற்றுகிறது. குறைந்த ரத்தத்தை லேசாக அடிக்கும் இதயமும் தசைதானே, அதுவும் சுருங்குகிறது. 2015-16-ல் 340 நாள் இருந்த ஸ்காட் கெல்லி வாரம் ஆறு நாள் உடற்பயிற்சி செய்தும் அவருடைய இதயத்தின் இடது கீழறை நிறையில் கால் பங்குக்கு மேல் குறைந்தது. நல்ல வேளை, இதயம் வேலையைச் சரியாகச் செய்துகொண்டுதான் இருந்தது.

எங்கள் கட்டிடத்து மாமா ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அப்படின்னா மாடி ஏற முட்டி வலிக்காதேப்பா, நல்லதுதானே?" என்றார். வலிக்காது மாமா, திரும்பி வந்தபிறகு மாடியே ஏற முடியாது!

எடை இல்லாததுதான் காரணமா, இல்லை கதிர்வீச்சு, படபடப்பு என்று வேறு ஏதாவதா? இதற்கு 1977-ல் காஸ்மாஸ்-936 ஒரு நல்ல பதில் கொடுத்தது. எலிகளை அனுப்பி, சிலவற்றை மட்டும் சுழலும் எந்திரத்தில் வைத்துத் தரையில் இருப்பது போன்ற எடையை உண்டாக்கினார்கள். நம் வீட்டு கிரைண்டர் சுற்றும்போது மாவு ஓரத்துக்கு ஒதுங்குகிறதே, அதே சமாச்சாரம். சுற்றிய எலிகளுக்குப் பாதிப்பு குறைவாக இருந்தது.

அடுத்து, செல் வரைக்கும் இறங்கினார்கள். 2016-ல் கேட் ரூபின்ஸ் என்ற விண்வெளி வீராங்கனை, ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த மனித இதயத் தசை செல்களைச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பராமரித்தார். உடம்பு இல்லை, ரத்தம் இல்லை, வெறும் தட்டில் துடித்துக்கொண்டிருந்த செல்கள். 2019-ல் வெளியான முடிவின்படி, மேலே இருந்தபோது, திரும்பிய பிறகு, பூமியிலேயே இருந்தவை என்று ஒப்பிட்டதில் 2,635 ஜீன்களின் செயல்பாட்டில் வித்தியாசம். 2020-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு அனுப்பிய இதயத் திசுக்கள், ஒரு மாதத்தில் பூமியில் இருந்தவற்றின் பாதி பலத்தில்தான் துடித்தன. ஆக, உடம்பின் மற்ற உறுப்புகள் எதுவும் கூட இல்லாமலேயே இதயச் செல் மாறிவிடுகிறது.

இதெல்லாம் விண்வெளிக்குப் போகிறவர்கள் பாடு என்று விட்டுவிட முடியாது. 1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயது ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். முப்பது வருஷ முதுமை அவர்கள் உடம்பின் உழைக்கும் திறனைக் குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது!

போன வருஷம் என் அம்மா இங்கே டோம்பிவிலி வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனது. ஊரிலிருந்து சித்தி, பெரியம்மா எல்லோரும் போனில் ஒரே குரல்: "ஆபரேஷன் ஆன உடம்பு, ஒரு மாசம் அசையாம படுக்கட்டும்." மறுநாளே பிசியோதெரபி பெண் வாக்கரோடு வந்து நின்று, "ஆஜி, உடா" என்றாள். பாட்டி, எழுந்திருங்கள். அம்மாவுக்கு மராத்தியும் பிடிபடவில்லை, நிற்கவும் பயம். என் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தாள். அன்று ராத்திரி சித்திக்கு டாலஸ் கதையை முழுக்கச் சொன்னேன். "விண்வெளி ஆளுக்கும் என் அக்காவுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு, கடைசியில், "சரி, பார்த்துப் பிடிச்சுக்கோ" என்றாள்.

சம்பந்தம் பெங்களூரில் இருக்கிறது. 2025 ஜூன் 25-ல் கிளம்பி ஜூலை 15-ல் திரும்பிய சுபான்ஷு சுக்லா, அங்கிருக்கும் இன்ஸ்டெம் நிறுவனத்தின் தசை செல் சோதனையைச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் செய்தார். எடையில்லாதபோது தசை செல்கள் புதிதாக உருவாவது எங்கே தடைப்படுகிறது, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு உதவும் ஊட்டப்பொருள்களால் அதைச் சரிசெய்ய முடியுமா என்பது கேள்வி. பதில் கிடைத்தால் படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கும், தசை நோய்க்காரர்களுக்கும் உதவலாம் என்று சோதனையை வடிவமைத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். சர்மா எலாஸ்டிக் கட்டிக்கொண்டு கேட்ட அதே கேள்விதான், 41 வருஷத்தில் ஆசனத்திலிருந்து செல்லுக்கு வந்திருக்கிறது.

சுக்லாவும் திரும்பி வந்து மறுபடி நடக்கப் பழக வேண்டியிருந்தது. மிதக்கும் என்ற பழக்கத்தில் லேப்டாப்பைக் கட்டிலுக்கு வெளியே தள்ளிவிட்டதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ககன்யானுக்குத் தேர்வான நான்கு பேரில் அவரும் ஒருவர். இன்னொருவர் அஜித் கிருஷ்ணன், சென்னையில் பிறந்தவர். அவர் போகும்போது எந்த ஆசனம், எந்த மாத்திரை என்று கேட்க எங்கள் வீட்டில் ஒரு சித்தி தயாராக இருக்கிறாள்.