தெரிவுப் பட்டியலுக்குப் பின்

விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவனுடைய வாழ்விலே இரண்டு நாள்கள் சிறப்புடையன. ஒன்று, கழகமொன்றின் தெரிவுப் பட்டியலில் அவன் பெயர் இடம்பெறும் நாள். மற்றையது, பெரிய அரங்கிலே அவன் முதன்முதல் களமிறங்கும் நாள். முன்னையதை ஊரே கொண்டாடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைக் கவனிப்போர் மிகச் சிலரே.

இளைஞரைக் கழகங்கள் முறைவைத்துத் தெரியும் வழக்கத்தை ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் கழகங்கள் 1965ஆம் ஆண்டிலே தொடங்கின. முன்னைய ஆண்டிற் பின்தங்கிய கழகத்துக்கு அதில் முன்னுரிமை வழங்கப்பட்டது. செல்வமிக்க கழகங்களே சிறந்தோர் அனைவரையும் வாரிக்கொள்ளாதிருத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்றாகும். ஆயினும், தெரிவுபெற்றோருட் பெரும்பாலார் உடனே பேரரங்கு ஏறுவதில்லை. சிறு கழகங்களிலே படிப்படியாகப் பயின்று, ஒவ்வொரு படியிலும் தம் தகுதியை நிறுவுதல் வேண்டும்.

அப்படிகளைக் கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு வியப்பான உண்மைகள் புலனாகும். 1966இல் முதலாவதாகத் தெரிவுசெய்யப்பட்ட ஸ்டீவ் சில்கொட் என்பவர் பேரரங்கில் ஓர் ஆட்டமேனும் ஆடினாரல்லர். 1988இல் 62ஆம் சுற்றிலே, 1390ஆவது பெயராக அழைக்கப்பட்ட மைக் பியாசாவோ, 2016இல் புகழ்மண்டபத்திலே சேர்க்கப்பட்டார். பட்டியலின் வரிசை வேறு, வாழ்க்கையின் வரிசை வேறு.

இந்தியாவின் உத்தரப் பிரதேசத்து ஈட்டியெறி வீரர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் இருவரும் 2008இல் ஒரு போட்டியின் வாயிலாகக் கண்டெடுக்கப்பட்டுப் பிட்ஸ்பேர்க் கழகத்தில் ஒப்பந்தமாயினர். இவர்கள் பட்டியல் முறையால் வந்தவரல்லர். எனினும் ஏறவேண்டிய படிகள் அவையே. பட்டேல் 2010இல் விடுவிக்கப்பட்டார். சிங் மேலும் சில ஆண்டுகள் சிறு கழகங்களில் ஆடியும், பேரரங்கை எட்டவில்லை. பின்னர் மல்யுத்தத் தொழிலிற் புகுந்தார்.

இலங்கையிலே இத்தகைய தெரிவுமுறை, 2020இல் லங்கா பிரீமியர் லீக் துடுப்பாட்டத்துடன் பலரும் அறிந்ததாயிற்று. அவ்வாண்டு ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணியில் இடம்பெற்ற வடபுலத்து இளைஞருள், யாழ். மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்தும் ஒருவர். டிசெம்பர் 4ஆந் திகதி, தமது பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல்நாள், அம்பாந்தோட்டையிலே அவர் களமிறங்கினார். அஞ்சலோ மத்யூஸின் விக்கெட்டே அவர் அங்கு வீழ்த்திய முதல் விக்கெட்.

அதன்பின் கழகம் கழகமாக அவர் முன்னேறினார். பங்களாதேஷிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் லீக் ஆட்டங்களிற் பந்துவீசினார். 2024இலே, காயமுற்ற வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாகச் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணி அவரை 50 இலட்சம் இந்திய ரூபாவுக்குச் சேர்த்துக்கொண்டது. மே 8ஆந் திகதி லக்னோ அணிக்கெதிராக அவர் முதன்முதல் ஆடினார். முதல் தெரிவுக்கும் அந்நாளுக்கும் இடையே மூன்றரை ஆண்டுகள் கழிந்திருந்தன.

கிளிநொச்சி மாவட்டத்து ஸ்கந்தபுரம் முதலிய வன்னிக் கிராமங்களின் சிறுவர்க்கு இவ்வரலாறு வெறுங்கதையன்று. 2009வரை நீடித்த போர் விளையாட்டுத்திடலையும் பள்ளியையும் ஒருங்கே குலைத்த நிலம் அது. மென்பந்தைக் கொண்டு பழகிய சிறுவன் கடினப்பந்துக்கு மாறுதற்குத் திடல் வேண்டும், பயிற்றுநர் வேண்டும், மாவட்டந்தாண்டிச் சென்றுவரப் பேருந்துச் செலவும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும், பட்டியலேறிய பெயர் பட்டியலோடே நின்றுவிடும்.

ஆதலால், தெரிவான நாளிலே மாலை சூட்டுவதோடு சமூகத்தின் கடமை முடிந்துவிடாது. அவன் அடுத்த ஆண்டு எங்கே ஆடினான், காயமுற்றபோது யார் உதவினர், ஆட்டம் கைவிட்டபோது கல்வி கைகொடுத்ததா என்பனவற்றை ஒவ்வோர் ஊரும் கேட்டுக் குறித்து வருதல் வேண்டும். ஏறியவனுடைய பெயரோடு, இடைப்படியிலே நின்றவனுடைய பெயரையும் காப்பதே நேர்மையான வரலாறாகும்.