ஹெட்ஃபோனுக்கு ஆம்ப் வந்த கதை

விலை கூடிய ஹெட்ஃபோன் ஒன்றைப் பற்றி, இந்தப் பித்துப் பிடித்த யாரிடமாவது அபிப்பிராயம் கேட்டுப் பாருங்கள். நேராகப் பதில் வராது. "எந்த ஆம்ப்புல கேட்டீங்க?" என்று எதிர்க்கேள்விதான் வரும். வெளியாளுக்கு இது பந்தாவாகத் தோன்றும். பாதி பந்தாதான். மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது. ஒரே ஹெட்ஃபோன் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களில் இரண்டு விதமாகப் பாடுவது உண்மை. ஹெட்ஃபோனும் ஆம்ப்பும் வெவ்வேறு காலத்தில் பிறந்து, வெகுநாள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் இருந்து, பிறகுதான் ஒன்று சேர்ந்தன. அந்தப் பழைய பிணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இரண்டில் ஹெட்ஃபோன்தான் மூத்தது. அது நல்ல வடிவத்துக்கு வந்தபோது ஆம்ப் என்ற பொருளே புழக்கத்தில் கிடையாது.

1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு விசித்திரமான கடிதம் வந்தது. நீலமும் இளஞ்சிவப்புமான காகிதம், ஊதா மை. யூட்டா மாநிலத்திலிருந்து நத்தேனியல் பால்ட்வின் என்பவர் எழுதியிருந்தார். தான் செய்த ஹெட்ஃபோனைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். மார்மன் சபையின் பெருங்கூடத்தில் பிரசங்கம் சரியாகக் காதில் விழாத எரிச்சலில்தான் அவர் இந்த வேலையில் இறங்கினார் என்று ஒரு கதை உண்டு. ஊதா மையைப் பார்த்துச் சிரித்திருக்கக்கூடிய அதிகாரிகள், சோதித்த பிறகு சிரிக்கவில்லை. அவர்கள் கப்பல்களில் வைத்திருந்த எதையும்விட அது நன்றாகக் கேட்டது. ஆர்டர் கொடுத்தார்கள். ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் செய்துதர முடியாது என்று பதில் வந்தது. பட்டறை அவர் வீட்டுச் சமையலறை!

அந்தச் சமையலறையில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அன்றைய தொலைபேசியின் காதுப்பகுதியில் ஒரு காந்தம், அதைச் சுற்றிக் கம்பிச் சுருள், எதிரே மெல்லிய இரும்புத் தகடு. காந்தம் தகட்டை எப்போதும் தன் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கும். சுருளில் வரும் மின்னோட்டம் அந்த இழுப்பைக் கூட்டும், குறைக்கும். தகடு ஏற்கெனவே விறைத்து நிற்பதால், வரும் சிக்னல் பலவீனமாக இருந்தால் லேசில் அசையாது. பால்ட்வின் இரும்புத் தகட்டையே தூக்கிவிட்டார். காந்த முனைகளுக்கு நடுவே சின்ன இரும்புத் துண்டு ஒன்றை, எல்லாப் பக்க இழுப்பும் சரிக்குச் சரியாக இருக்கும்படி நிறுத்தினார். இழுப்புகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால், துளி மின்னோட்டம் வந்தாலும் துண்டு ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வை ஒரு மெல்லிய கம்பி மைக்கா தகட்டுக்குக் கொண்டுபோகும். மைக்கா லேசு, விறைப்பானது. அசைந்தால் முழுதாக அசையும். இன்று மேடைப் பாடகர்கள் காதுக்குள் செருகிக்கொள்ளும் கருவிகள் பலவற்றிலும் செவித்திறன் கருவிகளிலும் இருப்பது இதே சமநிலை ஏற்பாட்டின் வாரிசுதான்.

இவ்வளவு மெனக்கெட்டது எதற்கு? சிக்னலைப் பெருக்கிக் கொடுக்க அன்று எதுவும் இல்லை. லீ டி ஃபாரஸ்ட் மூன்று முனை வால்வை 1906-லேயே செய்திருந்தாலும், அது ஒலியைப் பெருக்கும் கருவியாக உருப்பட 1912 ஆயிற்று. அதுவரை, ஆன்டெனாவில் வந்து விழுந்த சொற்பச் சக்தியை மட்டும் வைத்துக்கொண்டு காதுக்குக் கேட்கச் செய்தாக வேண்டும். ஆம்ப் செய்ய வேண்டிய வேலையையும் ஹெட்ஃபோனே சிக்கனத்தால் செய்தது. பேட்டரியே இல்லாத கிரிஸ்டல் ரேடியோக்களுக்கு பால்ட்வினின் ஹெட்ஃபோன் பொருத்தமான துணை. காப்புரிமை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடற்படையே சொல்லியும், இது அற்ப விஷயம் என்று அவர் ஒதுக்கிவிட்டதாகச் சொல்வார்கள். பின்னாளில் தொழிற்சாலை வைத்தார், சம்பாதித்தார், நொடித்துப்போனார்.

வால்வு வந்ததும் நிலைமை தலைகீழானது. பெருக்கிய ஒலியைக் கூடம் நிறையக் கேட்கலாம் என்றபின் யார் காதை மூடிக்கொண்டு உட்காருவார்கள்? வீட்டுக்கு ஸ்பீக்கர் வந்தது. ஹெட்ஃபோனோ ரேடியோ ஆபரேட்டர், விமானி, ஒலிப்பதிவுக்காரர் போன்றோரின் வேலைக் கருவியாகிப்போனது. 1937-ல் பெர்லினில் ஆய்கன் பேயரின் நிறுவனம் ஸ்பீக்கரைப் போலவே சுருள் அசையும் டிடி 48 என்ற ஹெட்ஃபோனைக் கொண்டுவந்தது. அதுவும் முக்கியமாக அளவெடுக்கிறவர்களுக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கும்தான். பாட்டைச் சுகமாகக் கேட்க ஹெட்ஃபோன் என்ற எண்ணம் இன்னும் இருபது வருஷம் காத்திருந்தது.

அந்த எண்ணத்தை உண்டாக்கியவர் மில்வாக்கியைச் சேர்ந்த ஜான் காஸ். ஜாஸ் பைத்தியம். 1958-ல், ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்த சூட்டில், அவரும் பொறியாளர் மார்ட்டின் லாங்கும் தனியாக உட்கார்ந்து கேட்பதற்கான ஒரு கையடக்க கிராமஃபோனைச் செய்து ஊர்க் கண்காட்சியில் வைத்தார்கள். ஸ்டீரியோவின் மகிமையைக் காட்ட அதோடு ஒரு ஹெட்ஃபோனையும் மாட்டிவிட்டார்கள். வந்தவர்கள் கிராமஃபோனைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஹெட்ஃபோன்தான் வேண்டியிருந்தது.

வேண்டியது கிடைத்தது, சொருக இடம் இல்லை. அன்றைய ஆம்ப்கள் ஸ்பீக்கருக்காகவே செய்யப்பட்டவை. ஸ்பீக்கர் ஒயர் முனைகளில் ஒரு சிறு இணைப்புப் பெட்டியை மாட்டித்தான் ஹெட்ஃபோன் கேட்க வேண்டியிருந்தது. பிறகு ஆம்ப் கம்பெனிகள் இரக்கப்பட்டு முகப்பில் ஒரு துளை போட்டன. துளைதான் புதிது, உள்ளே தனிச் சுற்று எதுவும் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியிலிருந்தே ஒரு கிளை பிரித்து, நடுவே சில நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, சத்தத்தைக் குறைத்து அனுப்பினார்கள். பந்தி ஸ்பீக்கருக்கு, மிஞ்சியது கொல்லைப்பக்கம் ஹெட்ஃபோனுக்கு. 1970-களின் பளபளப்பான ரிசீவர்கள் பலவற்றின் கதை இதுதான்.

இந்த ரெசிஸ்டர் சும்மா இருக்கவில்லை. சென்ஹைசரின் எச்டி 650-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் மின்தடை 300 ஓம் என்று பெட்டியில் போட்டிருக்கும். எல்லாச் சுருதிக்கும் அது 300 அல்ல; 100 ஹெர்ட்ஸ் அருகே, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அதிரும் இடத்தில், ஏறக்குறைய 500 ஓமுக்கு ஏறிவிடும். ஆம்ப்பின் வெளியீட்டில் 120 ஓம் குறுக்கே நின்றால், மின்னழுத்தம் இரண்டுக்கும் பங்கு பிரியும். 300 ஓம் இடத்தில் ஹெட்ஃபோனுக்குக் கிடைப்பது 71 சதவீதம். 500 ஓம் இடத்தில் 81 சதவீதம். கணக்குப் போட்டால் அடிநாதம் சுமார் ஒரு டெசிபல் கூடும். "இந்த ஆம்ப்பில் பேஸ் கொஞ்சம் கனிவாக இருக்கிறது" என்று ஒருவர் கண்ணை மூடிச் சொல்வது பல சமயம் இந்த ஒரு டெசிபலைத்தான். வால்வின் மாயம் என்று அதற்குப் பெயர் வைத்து லட்சங்களில் விற்பவர்களும் உண்டு. வால்வு ஆம்ப்கள் பலவற்றின் வெளியீட்டுத் தடை அதிகம் என்பதுதான் அந்த மாயத்தின் பெரும்பங்கு என்பது என் கட்சி.

இதற்கு நேர் எதிரான வழியை ஜப்பானில் ஒருவர் பிடித்தார். ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் நவோதகே ஹயாஷி 1959-ல் தோக்கியோ ஆடியோ கண்காட்சியில் காட்டி, மறு வருஷம் விற்பனைக்குக் கொண்டுவந்த எஸ்ஆர்-1 என்ற ஹெட்ஃபோனில் சுருள் இல்லை, காந்தமும் இல்லை. மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதன் இருபுறமும் துளையிட்ட தகடுகள். படலத்தில் சில நூறு வோல்ட் நிலையாக ஏற்றிவைத்திருப்பார்கள். இருபுறத் தகடுகளுக்கும் எதிரெதிராக இசை சிக்னல் போகும். ஒன்று இழுக்க, இன்னொன்று தள்ள, படலம் முழுப் பரப்பும் ஒரே சமயத்தில் அசையும். ஓரிடத்தில் பிடித்து ஆட்டுவதல்ல என்பதால் கோணலுக்கு இடம் குறைவு.

இதை எந்த ஆம்ப்பிலும் நேராகச் சொருக முடியாது. சாதாரண ஆம்ப் தருவது சில வோல்ட். இதற்கு வேண்டியதோ நூற்றுக்கணக்கில். மின்னோட்டமோ பெயருக்குத்தான் வேண்டும். ஆகவே முதலில் ஸ்பீக்கர் ஆம்ப்புக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவே, அழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வந்தது. பிறகு நேரடியாக இயக்கும் தனி ஆம்ப்களை ஸ்டாக்ஸே செய்தது. படலத்துக்கு ஏற்றும் அழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 580-க்குப் போனது. பின்கள் மாறின, சாக்கெட்டும் மாறியது. வாங்குகிறவர் ஹெட்ஃபோனைத் தனியாக வாங்கிப் பயனில்லை, ஜோடியாகத்தான் எடுக்க வேண்டும். அன்றைக்கு இது அசௌகரியமாகப் பட்டிருக்கும். எனக்கென்னவோ ஹெட்ஃபோனுக்கும் அதற்கேற்ற ஆம்ப்புக்கும் முறையாக முடிச்சுப் போடப்பட்டது இங்கேதான் என்று தோன்றுகிறது.

சாதாரண ஹெட்ஃபோன்காரர்களுக்கு விடிவு வர இன்னும் முப்பது வருஷம் ஆனது. கையில் எடுத்துப் போகும் சிடி பிளேயர் வந்திருந்தது. அதன் பேட்டரியும் சுற்றும் நல்ல ஹெட்ஃபோனுக்குப் போதவில்லை. 1992-ல் மொன்டானாவின் போஸ்மன் ஊரில் டில் ஹெர்ட்சன்ஸ் ஹெட்ரூம் என்ற கம்பெனியைத் தொடங்கினார். விற்ற சரக்கு, ஸ்பீக்கர் பக்கமே போகாத, ஹெட்ஃபோனுக்கு மட்டுமான ஆம்ப். பெருக்குவதோடு அது இன்னொன்றும் செய்தது. ஸ்பீக்கரில் கேட்கும்போது இடப்பக்க ஒலி வலக் காதுக்கும், சற்றுத் தாமதமாக, சற்று மங்கலாக வந்து சேரும். ஹெட்ஃபோனில் அந்தக் கலப்பு இல்லாததால் பாட்டு மண்டைக்குள் மூன்று துண்டாக நிற்கும்: இடது, நடு, வலது. இதைச் சரிசெய்ய சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1971-லேயே ஒரு எளிய சுற்றை ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார். அந்த வழியில், ஒரு பக்க ஒலியில் கொஞ்சத்தைத் தாமதப்படுத்தி மறுபக்கத்தில் கலந்துவிட்டார் ஹெர்ட்சன்ஸ். சில வருஷம் கழித்து, சூ மோய் என்பவர் வெளியிட்ட சுற்று வரைபடத்தை வைத்து, பெப்பர்மின்ட் டப்பாவுக்குள் ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப்பைச் சாலிடர் வைத்துத் தாமே செய்துகொண்டவர்கள் ஏராளம்.

ஆம்ப் கைக்கு வந்ததும் ஹெட்ஃபோன்காரர்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பால்ட்வினின் சிக்கனத்தை மறந்தார்கள். 2010-ல் ஹைஃபைமேன் வெளியிட்ட எச்இ-6, காந்தங்களுக்கு நடுவே மின்தடம் பதித்த படலம் அசையும் வகை. இவ்வகைக்கு மின்தடை எல்லாச் சுருதிக்கும் ஒரே அளவு. ஆகவே மேலே சொன்ன ஒரு டெசிபல் வித்தை இதனிடம் பலிக்காது. ஆனால் பசி அதிகம். ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும். ஒரு வோல்ட் தரும் கைபேசி இதற்குக் கொடுக்கக்கூடியது 20 மில்லிவாட். வாத்தியங்கள் ஒன்றாக முழங்கும் உச்சத்துக்கு 110 டெசிபல் வேண்டுமானால் அரை வாட் அருகே வேண்டும். வேறு வழியில்லாமல் பலர் இதை மறுபடி ஸ்பீக்கர் ஆம்ப்பிலேயே மாட்டினார்கள். ஜான் காஸின் இணைப்புப் பெட்டி காலம் திரும்பியது.

இப்படி இரண்டு ஹெட்ஃபோன்-ஆம்ப் ஜோடிகளை ஒப்பிட உட்காருகிறவருக்கு ஒரு வார்த்தை: முதலில் இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமமாக்குங்கள். ஒன்று அரை டெசிபல் கூடியிருந்தாலும் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, 'தெளிவு' என்று சொல்லும்.

ஸ்டாக்ஸ் போட்ட முடிச்சை அதன் கோடிக்குக் கொண்டுபோனது ஜெர்மனியின் சென்ஹைசர். 1991-ல் ஆர்ஃபியஸ்: எச்இ 90 என்ற ஹெட்ஃபோன், எச்இவி 90 என்ற வால்வு ஆம்ப், இரண்டும் சேர்த்து 20,000 மார்க், மொத்தம் 300 என்று அறிவிப்பு. 2015-ல் அதன் வாரிசு எச்இ 1 வந்தது. சுமார் 50,000 யூரோ. இத்தாலியின் கராரா சலவைக்கல் பீடம். ஒலிக் குமிழை அழுத்தினால் கல்லிலிருந்து மற்றக் குமிழ்கள் முன்னே வரும், எட்டு வால்வுகள் மேலே எழும், கடைசியில் கண்ணாடி மூடி திறக்கும். இந்தக் கூத்துக்குப் பாட்டில் எந்தப் பங்கும் இல்லை. பங்குள்ள விஷயம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. இதுபோன்ற, ஸ்டாக்ஸ் பாணிப் படல ஹெட்ஃபோனுக்கு ஆம்ப்பிலிருந்து நீள ஒயர் ஓடும். அந்த ஒயரும் மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு பொருள்தான். ஆகவே ஆம்ப்பின் உழைப்பில் நல்ல பங்கு படலத்தை ஆட்டுவதற்குப் பதில் ஒயரை நிரப்பிக் காலிசெய்வதிலேயே போகிறது. ஆக்சல் கிரெல்லின் பொறியாளர் குழு கடைசிப் பெருக்கத்தை எடுத்து, காதுக்கிண்ணத்துக்குள்ளேயே, படலத்தை ஒட்டி வைத்துவிட்டது. வால்வு கீழே பீடத்தில், உயர் அழுத்தம் தரும் டிரான்சிஸ்டர் தலைமேல்.

வேடிக்கை என்னவென்றால், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் மாட்டியிருக்கும் புளூடூத் ஹெட்ஃபோனிலும் ஏற்பாடு இதேதான்: ஆம்ப் காதுக்கிண்ணத்துக்குள், அதற்கென்றே அளவெடுத்தது. அதன் குறைகளை அறிந்த ஒரு சிப், சிக்னலை முன்கூட்டியே திருத்தி அனுப்புகிறது. பவரை அணைத்துவிட்டு அதையே ஒயரில் கேட்டால் பல மாடல்களில் பாட்டு சப்பென்றாகிவிடும். அப்படிக் கேட்டுவிட்டு ஹெட்ஃபோன் மட்டம் என்று குறை சொல்பவரிடமும் அதே எதிர்க்கேள்வியைக் கேட்கலாம்.