கார் வைத்திருந்தவர்கள்

எங்க ஊர்ப் பண்ணையில் ஒரு பிளைமவுத் கார் இருந்தது. ஊர் என்றால் திருவிடைமருதூருக்குப் பக்கத்தில், வீரசோழன் ஆற்றை ஒட்டின ஊர். ஆறு சிலிண்டர், 95 குதிரை சக்தி என்று சித்தப்பா சொல்வார். பத்து உழவு மாடு இழுக்காததை அது இழுக்கும். ஆனால் நான் பார்த்த வரையில் அது இருபது மைல் வேகத்தைத் தாண்டினதே இல்லை. தாண்டக் கூடாது என்பது ஆண்டையின் உத்தரவு. "வேகமாப் போனா எவன் பாப்பான்?" என்று ஒருதடவை வாய்விட்டே சொன்னாராம்.

கும்பகோணம் எட்டு ஒன்பது கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு அந்தக் கார் எதற்கு என்று சின்ன வயசில் எனக்கு விளங்கவில்லை. வருஷத்தில் பாதிநாள் அது ஷெட்டில் படுதா மூடிக் கிடக்கும். பேட்டரி செத்துப் போகும். கல்யாணம், வாய்தா, தைப்பூசத் தேர் என்று வந்தால் எங்க அப்பாவும் இன்னும் நாலைந்து பண்ணையாட்களும் போய்த் தள்ளிக் கிளப்புவார்கள். பத்து வருஷத்துக்கு மேல் தள்ளிய அப்பா ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. துடைக்கும்போது கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டதோடு சரி. ஆண்டைக்கும் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதாகவும் யாரும் சொன்னதில்லை. இதைக் கஞ்சத்தனம் என்றோ கிறுக்கு என்றோ ஒதுக்கிவிட முடியாது. நம்ம பக்கத்து வரலாற்றில் இதற்கு ஒரு இடம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

வண்டி வைத்திருப்பதும் வண்டி ஓட்டுவதும் டெல்டாவில் எந்தக் காலத்திலும் ஒரே ஆள் செய்கிற காரியமாக இருந்ததில்லை. திருவிடைமருதூர் மகாலிங்கசாமி கோவில் தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். சாமி உட்கார்ந்திருக்கும். தர்மகர்த்தா முன்னால் நிற்பார். வடம் பிடிப்பது ஊர். ஆனால் அவ்வளவு பெரிய மரமலையைத் தெருமுனையில் திருப்புகிறவன் சக்கரத்துக்கு அடியில் குனிந்து முட்டுக்கட்டை கொடுப்பவன்தான். கை தவறினால் நசுங்கிப் போவான். அவன் பேர் எந்தக் கல்வெட்டிலும் இருக்காது. கம்பெனி ஆட்சியின் ஆரம்ப காலத்தில் தேரிழுக்கக் கிராமங்களிலிருந்து ஆள்களை உத்தரவு போட்டே வரவழைத்தார்கள். மிஷனரிகள் கூச்சல் போட்ட பிறகுதான் சர்க்கார் அதிலிருந்து கை கழுவியது. தேர் யாருடையது, இழுப்பு யாருடையது என்கிற கேள்வி காருக்கு முன்பே வந்துவிட்ட கேள்வி.

ராஜாக்கள் கதை தெரிந்ததுதான். ஐதராபாத் நிஜாமுக்காக 1912இல் செய்த ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றில் பின்னால் சிம்மாசனமே வைத்திருந்தது. பல பத்தாண்டுகளில் அது ஓடினது சில நூறு மைல்தான். பார்க்க வைத்த வண்டி. தஞ்சாவூர் ஜில்லா மிராசுதார்கள் நிஜாம் இல்லை. ஆனாலும் பிளசர் வாங்கினவர்களின் புத்தி அதே புத்திதான். அதற்கு முன்னால் வில்வண்டி. மாட்டுக்குச் சலங்கை, கூண்டுக்குத் திரைச்சீலை. சலங்கைச் சத்தம் கேட்டால் எங்க ஆட்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரோட்டை விட்டு வாய்க்காலில் இறங்க வேண்டும். எங்க தாத்தா ராத்திரியில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வண்டிக்கு முன்னால் ஓடினவர். வண்டியின் முன்பலகையில் உட்கார்ந்து மாட்டை ஓட்டுகிற வேலைகூட அவருக்குக் கிடையாது. அது வேறு சாதிக்காரர் வேலை. பறையன் உட்கார்ந்த பலகை தீட்டு.

இந்தத் தீட்டை அம்பேத்கர் இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். 1901இல் சிறுவனாக மசூர் ஸ்டேஷனில் இறங்கியபோது, மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஓட்ட வரவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி. பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான் என்று பேச்சு. 1929இல் அவர் பாரிஸ்டர், சர்க்கார் கமிட்டி உறுப்பினர். சாலிஸ்காவ் ஸ்டேஷனில் குதிரை வண்டிக்காரர்கள் வண்டியைக் கொடுக்கத் தயார், ஓட்டத் தயாரில்லை. நம்ம ஆள் ஒருவர், ஓட்டிப் பழக்கமில்லாதவர், கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் வண்டி மோதி அம்பேத்கர் கல்லில் விழுந்து கால் முறிந்தது. படித்தவனாக இருந்தாலும் தலித்துக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டுவது கேவலம். ஏழையாக இருந்தாலும் சவர்ணன் அதற்கு ஒப்பமாட்டான்.

பஸ் வந்தபோதும் இதே கதை. பஞ்சமருக்கு இடமில்லை என்று டிக்கெட்டிலேயே அச்சடித்த முதலாளிகள் இந்த மாகாணத்தில் இருந்தார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியன், ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட வேண்டியிருந்தது.

அப்படியிருக்க எங்க சித்தப்பா எப்படி ஆண்டைக்கு டிரைவர் ஆனார்? டிராக்டர் வழியாக. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாப்பு என்று பேர். மிராசுதார்கள் பலர் பண்ணையாட்களைக் கணக்கிலிருந்தே நீக்கி அன்றாடக் கூலியாக்கிவிட்டார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் தீவிர சாகுபடித் திட்டத்துக்குத் தஞ்சாவூரைத் தேர்ந்தெடுத்தார்கள். உரம், மருந்து, கடன், அதன் பின்னாலேயே டிராக்டர். வெயிலில் சேற்றில் அதன்மேல் உட்கார்ந்து குலுங்க வேறு யாரும் வரவில்லை. சித்தப்பா உட்கார்ந்தார். ஒரே மாசத்தில் என்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்துகொண்டார். பழைய கார் டிரைவர் வயசாகி நின்றபோது பண்ணையில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

"குளிச்சிட்டு வரணும், வெள்ளைச் சட்டை போடணும், வெத்தலை போடப்படாது." இவ்வளவுதான் நிபந்தனை. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. சித்தப்பா சிரித்துச் சிரித்துச் சொல்வார்: "எங்கப்பன் ஆண்டைக்கு முதுகக் காட்டாம பின்னாலயே நடந்து வருவாரு. நான் ஜோரா முதுகக் காட்டி உக்காந்துக்கிட்டுப் போனேன். என்ன பண்ணுவாரு? எறங்கி ஓட்டுவாரா?"

சிரிப்பு அதோடு சரி. கும்பகோணத்தில் ஓட்டல் முன்னால் கார் நின்றால் ஆண்டை உள்ளே போவார். சித்தப்பாவுக்குக் கொல்லைப் பக்கம் தனி டம்ளர். சேரிக்குள் காரைக் கொண்டுவர அனுமதி கிடையாது. அனுமதி கொடுத்தாலும் வராது. ரோடே இல்லை. மெயின் ரோட்டிலிருந்து எங்க தெருவுக்கு வயல் வரப்புதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1971 என்று நினைவு. பண்ணையின் சின்ன மகன் மெட்ராசில் படித்துக்கொண்டிருந்தார். லீவுக்கு வந்த இடத்தில், ஓட்டுவதில் ஒரு பிரியமும் இல்லாத பிள்ளை, கூட வந்த சிநேகிதர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு ராத்திரி சாவியை வாங்கிக்கொண்டு போனார். ஆடுதுறை ரோட்டில், சைக்கிளில் கீத்து ஏற்றிவந்த பெரியவர்மேல் ஏற்றிவிட்டார். பெரியவர் பிழைத்தார், கால் போய்விட்டது. விடிவதற்குள் சித்தப்பாவை எழுப்பிக் கூட்டிப் போனார்கள். "நான்தான் ஓட்டுனேன்" என்று கைரேகை இல்லை, கையெழுத்தே போட்டார். எழுதத் தெரிந்தவர். இரண்டு மாசம் ஜெயில், அபராதம், லைசென்ஸ் புத்தகத்தில் ஒரு முத்திரை. அபராதத்தைப் பண்ணை கட்டியது. அரை மா நிலம் எழுதித் தருவதாகச் சொன்னது வாய்ச்சொல்லோடு நின்றது. கால் போன பெரியவரும் நம்ம ஆள்தான். அவர் வீட்டுக்குச் சித்தப்பா கடைசி வரை போகவில்லை. போக முடியவில்லை என்பதுதான் சரி.

இனி வெண்மணிக்கு வர வேண்டும். இந்த இதழின் வாசகர்களுக்கு அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்டதற்காக, செங்கொடிச் சங்கத்தை விட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்கு வர மறுத்ததற்காக, ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கின 44 பேரை, பெரும்பாலும் பெண்களையும் பிள்ளைகளையும், வைத்துக் கொளுத்தினார்கள். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் இரிஞ்சியூர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குச் சிறைத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது.

அந்தத் தீர்ப்பில் ஒரு கார் வருகிறது. நான் கும்பகோணத்தில் கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். விடுதலையான அதே வருஷம் மைதிலி சிவராமன் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை ஒரு தோழர் மூலமாகக் கைக்கு வந்தது. நீதிமன்றத்தின் தர்க்கம் இப்படிப் போகிறது: குற்றம் சாட்டப்பட்ட 23 பேருமே மிராசுதார்கள் என்பது ஆச்சரியமாக இருக்கிறது. பெரும்பாலோர் ஏராளமான நிலம் உள்ள பணக்காரர்கள். முதல் எதிரி கார் வைத்திருப்பவர் என்பது தெளிவு. அப்படிப்பட்டவர்கள், பழிவாங்க எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், வேலைக்காரர் துணையில்லாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படி இல்லை. தாங்கள் பின்னால் இருந்துகொண்டு வேலைக்காரர்களை ஏவிவிட்டிருப்பார்கள் என்றுதான் எதிர்பார்க்க முடியும்.

கார் வைத்திருப்பவன் நடக்க மாட்டான். கையால் எதையும் செய்ய மாட்டான். ஆகவே செய்யவில்லை. ஷெட்டில் படுதா மூடிக் கிடந்த காருக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அது போகவர வாங்கினதல்ல. தன் கையால் ஒரு காரியமும் செய்யாதவன் என்பதற்கு அது அத்தாட்சி. ஊர்வலத்தில் அது கௌரவம், கோர்ட்டில் அதுவே சாட்சி. காரியத்தைச் செய்த கை எப்போதும் வேறொருவன் கை. அந்தக் கை பெரும்பாலும் நம்ம கை. அந்த வாதத்தை இன்னும் இரண்டு அடி நடத்திக்கொண்டு போனால் வெண்மணியைக் கொளுத்தியது பண்ணையாட்களே என்று வந்து நின்றிருக்கும்.

ஒரு சாயங்காலம் சித்தப்பாவுக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பீடியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "ஏம்ப்பா, கார் வெச்சிருக்கவன் நடக்க மாட்டான்னா சொன்னாங்க? நம்ம தெருவுக்கு ஏதுப்பா ரோடு? சவுக்கால அடிக்க வந்தப்பல்லாம் காரை மெயின் ரோட்டுல நிறுத்திட்டு வரப்புல நடந்துதானப்பா வந்தாரு. செருப்பக் கையில பிடிச்சிக்கிட்டு. நாந்தான் கூட வந்தேன்." டெல்டாவில் எத்தனை சேரிகளுக்குக் கார் போகிற பாதை இருந்தது என்று 1973இல் யாராவது கேட்டிருந்தால் தீர்ப்பின் அந்தப் பத்தி நின்றிருக்காது. கேட்க வேண்டியவர்களும் காரில் வந்தவர்கள்தான் போலிருக்கிறது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்கிற இளைஞர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். 2024 மே மாதம் பூனாவில் பதினேழு வயசுப் பையன் ஒருவன் குடித்துவிட்டு ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் இன்ஜினியர்கள் செத்தார்கள். பல கோடிச் சொத்துள்ள குடும்பம். காரை ஓட்டினது தான்தான் என்று ஒத்துக்கொள்ளும்படி குடும்ப டிரைவரை அடைத்து வைத்து மிரட்டியதாகப் பையனின் தகப்பன்மேலும் தாத்தன்மேலும் வழக்குப் போட்டார்கள். பேப்பரில் படித்தபோது எனக்கு ஆடுதுறை ரோடு ஞாபகம் வந்தது. அந்த டிரைவர் புகார் கொடுத்தார் என்பது ஒன்றுதான் புதுசு.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் வண்டி ஓட்டிவந்த தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அவன் வண்டி வைத்திருந்தவன் மட்டுமல்ல, தானே ஓட்டினவன். வைத்திருந்ததும் ஓட்டினதும் ஒரே ஆள். வெட்டுப்பட்டது கை என்பதைக் கவனியுங்கள்.

சித்தப்பா 2009இல் செத்தார். எங்க தெருவுக்கு அதற்கு முன்பே தார் ரோடு வந்துவிட்டது. பண்ணையில் பாதி நிலம் பிளாட்டாகிவிட்டது. பிளைமவுத்தை எடைக்குப் போட்டதாகச் சொன்னார்கள். பேரப்பிள்ளை இப்போது பிஎம்டபிள்யூ வைத்திருக்கிறார். செங்கல்பட்டுப் பக்கம் பூட்டுகிற வண்டி. அந்தத் தொழிற்சாலைக்கு எங்க பையன்கள் இரண்டு பேர் கான்ட்ராக்டில் போய்வந்தார்கள். அந்தக் காரை ஓட்டுவது சித்தப்பாவின் பேரன். எனக்கு மகன் முறை. பேட்ஜ் எடுக்கப் போனபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய லைசென்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். முத்திரை குத்தின பக்கத்தைப் பார்த்து, "இது என்ன பெரியப்பா?" என்றான். சொன்னேன்.

போன தைப்பூசத்துக்கு வந்திருந்தான். தேரோடும் வீதியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். உங்க மொதலாளி கார் ஓட்டுவாரா என்று கேட்டேன்.

"லைசென்ஸ் இருக்கு பெரியப்பா. ஓட்டத் தெரியாது. பின்னாடி உக்காந்து போன் பாப்பாரு. அறுபதைத் தாண்டுனா திட்டுவாரு."

"ராத்திரி சாவி எங்க இருக்கும்?"

சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான்.