அயனி: ஒரு சொல்லும் அதன் ஆகாயமும்

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணியளவில், புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை வட்டாரத்தில் சூரியன் சுமார் மூன்று நிமிடம் வளையமாகத் தெரிந்தது. வெயில் மங்கியதை ஊரே உணர்ந்தது. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே எலக்ட்ரான்கள் வேகவேகமாகக் குறைந்ததோ யார் கண்ணுக்கும் படவில்லை. எங்கே போயின அவை? பதில் ‘அயனி’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறது.

மின்சாரம் பாயும் கரைசலில் மின்வாயை நோக்கி நகரும் துகளுக்குப் பெயர் தேடிய மைக்கேல் ஃபாரடே, 1834இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெலின் யோசனைப்படி ‘அயான்’ என்றார். ‘செல்வது’ என்பது அதன் கிரேக்கப் பொருள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அது ‘அயன்’, தமிழ்நாட்டில் ‘அயனி’. ஒலியைப் பார்த்து எடுத்த சொல் என்றாலும் பழைய உறவு ஒன்று அதில் இருக்கிறது. பஞ்சாங்கத்து உத்தராயணத்தில் வரும் ‘அயனம்’, ‘செல்’ எனப் பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்தது. அந்த வேரும் கிரேக்க வேரும் ஒரே மூலத்தின் கிளைகள்.

கரைசலில் பிறந்த சொல் வானுக்கு ஏறியது வானொலியால். வானொலி அலையைத் திருப்பி அனுப்பும் மேல்வான் பகுதிக்கு 1926இல் வானொலி ஆய்வாளர் ராபர்ட் வாட்சன்-வாட் முன்மொழிந்த பெயரே இன்றைய அயனி மண்டலம்.

அங்கே சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றுத் துகள்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கின்றன; மிஞ்சுவது அயனி. பிரிந்த எலக்ட்ரான் மறுபடி அயனியோடு சேர்வதை ‘மறுஇணைவு’ என்கிறோம். இந்தச் சொல் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. தனி அணு அயனி எலக்ட்ரானைப் பிடித்தால், மிஞ்சும் ஆற்றலை ஒளியாக உமிழ வேண்டும். சந்திக்கும் கணநேரத்தில் அது அரிதாகவே நடக்கும். ஆக்சிஜன் அல்லது நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறு அயனிக்கு வேறு வழி உண்டு: எலக்ட்ரானை வாங்கியதும் இரண்டாக உடைந்து, மிஞ்சிய ஆற்றலைத் துண்டுகளின் வேகமாக்கிவிடுகிறது. அதனால் இது பல்லாயிரம் மடங்கு விரைவு. 1947இல் இயற்பியலாளர்கள் பேட்ஸும் மாஸியும் எடுத்துக்காட்டிய இந்த வினையைப் ‘பிரிகை மறுஇணைவு’ என்றால்தான் பொருந்தும்.

கிரகண நாளுக்கு வருவோம். நூறு கிலோமீட்டருக்கு மேலுள்ள ‘இ’ அடுக்கில் மூலக்கூறு அயனிகளே அதிகம்; பகலில் அங்கே ஓர் எலக்ட்ரானின் ஆயுள் ஒரு நிமிடம்கூட இருந்தால் பெரிது. வெளிச்சம் குறையக் குறைய எலக்ட்ரானும் குறைகிறது, ஆனால் அதே விகிதத்தில் அல்ல. அயனியாக்கம் கால்பங்காகச் சுருங்கினால் எலக்ட்ரான் அடர்த்தி பாதியாகவே இறங்கும். இணையச் சோடி தேவை; இரு தரப்பும் அருகிவிட்டால் சந்திப்பும் அருகிவிடுகிறது.

இன்னும் உயரே ‘எஃப்’ அடுக்கில் ஆட்சி ஆக்சிஜன் அணு அயனிக்கு. அது முதலில் நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு வினைபுரிந்து மூலக்கூறு அயனியாக மாறியாக வேண்டும். பிறகுதான் எலக்ட்ரானிடம் சிக்கும். அந்தத் தாமதத்தால் அடுக்கு இருட்டிய பின்னும் நிலைக்கிறது. இரவில் சிற்றலை வானொலியைத் திருகி பிபிசி தமிழோசை கேட்ட தலைமுறைக்குத் தொலைதூர அலையைத் திருப்பி அனுப்பியது இந்த அடுக்கே.

செவ்வாயில் இதே பிரிகை மறுஇணைவு ஒரு கோளின் காற்றையே கரைக்கிறது. வளிமண்டலம் கார்பன் டை ஆக்சைடுதான் என்றாலும் அயனி மண்டலத்தில் மிகுந்திருப்பது ஆக்சிஜன் மூலக்கூறு அயனி. அது உடையும்போது சிதறும் அணுக்களில் பல, விடுபடு வேகமான நொடிக்கு 5 கிலோமீட்டரைத் தாண்டி விண்வெளிக்குப் போய்விடுகின்றன. வெள்ளியிலும் இந்த உடைவு உண்டு. அங்கே விடுபடு வேகம் 10 கிலோமீட்டருக்கும் அதிகம் என்பதால் அணுக்கள் எழும்பிவிட்டுத் திரும்ப விழுகின்றன.