குறிப்பேட்டில் நின்ற ஹிரோஷிமா

நம் புறப்பாடல் மரபில் கையறுநிலை என்றொரு துறை உண்டு. தலைவன் மாய்ந்தபின் எஞ்சி நிற்போர் செயலற்றுப் புலம்புவது அது. புலம்புதற்கேனும் ஒருவர் எஞ்சுவார் என்பது அத்துறையின் நம்பிக்கை. அந்நம்பிக்கையையே அசைத்த நாள் 1945 ஆகஸ்ட் 6. அன்று காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா நகரின்மேல் அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர்.

எஞ்சியவருள் ஒருவர் எழுத்தாளர் ஹாரா தமிகி. முந்தைய ஆண்டில் மனைவியை இழந்து, அண்ணன் வீட்டில் தங்கியிருந்தவர். குண்டு வெடித்த கணத்தில் கழிப்பறையில் இருந்தமையால் உயிர் தப்பினார். ஆற்றங்கரையிலும் கோயில் வளாகத்திலும் இரவுகளைக் கழித்த அந்நாள்களிலேயே, தாம் கண்டவற்றைச் சிறு குறிப்பேடு ஒன்றில் எழுதலானார். அக்குறிப்புகளில் ஒப்பனை இல்லை. இடமும் பொழுதும் கண்ட காட்சியுமே உண்டு. அவற்றிலிருந்து பிறந்ததே 'கோடை மலர்கள்' என்னும் அவருடைய சிறுகதை.

எழுதியதை வெளியிடுதல் எளிதாக இல்லை. 1945 செப்டம்பரில் நேச நாட்டுப் படைத்தலைமை பத்திரிகைகளுக்குக் கட்டுப்பாட்டு விதிகளை அறிவித்தது. அணுகுண்டைப் பற்றிய எழுத்துகளும் தணிக்கைக்கு உட்பட்டன. ஹாராவின் கதை முதலில் கருதிய இதழில் வரவில்லை. 1947இல் வேறோர் இதழில், சில பகுதிகள் நீக்கப்பெற்று வெளிவந்தது. அதே ஆண்டில் ஷோதா ஷினோயே என்னும் பெண் கவிஞர், தம் தான்கா பாடல்களைத் தணிக்கையாளர் அறியாவண்ணம் அச்சிட்டு, தம்போல் துயருற்றோர் கைகளிற் சேர்த்தார். 31 அசைகளே கொண்ட சிறு வடிவம் தான்கா. அதற்குள் ஒரு நகரின் அழிவு அடங்கியது.

எழுத்துப் பயிற்சி இல்லாதாரும் சான்று தந்தனர். 1974இல் முதியவர் ஒருவர் தாம் வரைந்த ஓவியத்தை ஹிரோஷிமா ஒலிபரப்பு நிலையத்திற்கு எடுத்துச் சென்றார். நிலையம் மற்றவர்களையும் வரைந்து அனுப்ப அழைத்தது. 2,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள் குவிந்தன. வரைகோடு சொல்லாததைச் சொல்லப் பலர் ஓரத்தில் எழுத்தும் சேர்த்தனர். அவ்வோவியங்கள் இன்று அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் உள்ளன.

2025 மார்ச்சில், ஹிரோஷிமா, நாகசாகி இரண்டிலும் தப்பி உயிருடன் இருந்தோர் ஒரு லட்சத்திற்கும் குறைந்தனர். அவர்தம் சராசரி வயது 86. இனி அவர்களுக்காக ஆவணங்களே பேச வேண்டும்.

ஆண்டுதோறும் அணியிலக்கணம் கற்பிக்கும் எனக்கு அக்குறிப்பேடு ஓர் ஐயத்தை எழுப்புகிறது. துயரைக் கண்டதும் உவமை தேடும் நாம், முதலில் அதனை உள்ளவாறு பார்க்கிறோமா? பத்தாண்டு நிறைவில் நம் வட்டத்துக் கவிஞர்முன் அவ்வினாவையே வைக்கிறேன். கையற்ற நிலையிலும் ஹாராவின் கை எழுதியது. அழகுபடுத்த அன்று, மறைந்துவிடாமல் காக்க.